காய்ச்சலுக்கும் சுகருக்கும் வாயைத் திறந்து பார்த்திருந்தால்… நீங்கள் கண்ட கேஸ்களைப் பகிருங்கள்

வார்டு சிஸ்டர்:
இதய வால்வு மாற்றிய ஒரு அக்கா. மூன்று வாரமாக விட்டு விட்டுக் காய்ச்சல். டைபாய்டு என்று வெளியே ஆன்டிபயாட்டிக் போட்டுவிட்டார்கள். அதனால் இங்கே எடுத்த பிளட் கல்ச்சரில் கிருமி எதுவுமே வளரவில்லை. எக்கோவில் (இதய ஸ்கேன்) வால்வு மேல் வெஜிடேஷன், அதாவது ரத்தம் வழியாகப் போன கிருமி ஒட்டி வளர்ந்த திட்டு, தெரிந்த பிறகுதான் "பல் ஏதாவது பிடுங்கினீங்களா?" என்ற கேள்வி வந்தது. கன்னத்தை விரலால் விலக்கிக் காட்டினார். கடைவாயில் குழி இன்னும் சரியாக மூடவில்லை. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரினைத் தானாகவே நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார், வால்வு பற்றி பல் டாக்டரிடம் வாய் திறக்கவில்லை. "பல்லுக்கும் நெஞ்சுக்கும் என்னம்மா இருக்கு?" என்றார். அந்தக் குழி கண்ணை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.

பல் டாக்டர், திருச்சி:
சிஸ்டர், இதைப் படித்துவிட்டு ஸ்டென்ட் வைத்தவர்களும் பல் எடுக்கும் முன் போடும் ஆன்டிபயாட்டிக் மாத்திரை கேட்டு வருவார்கள். அவர்களுக்கும் பைபாஸ் ஆனவர்களுக்கும் இது வேண்டாம். செயற்கை வால்வு, முன்பே எண்டோகார்டைட்டிஸ் (இதய உள்சுவர், வால்வில் கிருமித் தொற்று) வந்தவர்கள், சில வகைப் பிறவி இதயக் கோளாறுகள், முக்கியமாக இவற்றுக்குத்தான். பெரியவருக்கு அமாக்ஸிசிலின் 2 கிராம், பல் எடுப்பதற்கு 30 முதல் 60 நிமிடம் முன்னால், ஒரே வேளை. குழந்தைக்குக் கிலோவுக்கு 50 மி.கி. ஐந்து நாள் கோர்ஸ் எல்லாம் தேவையே இல்லை. பென்சிலின் அலர்ஜி இருந்தால் முதலிலேயே சொல்ல வேண்டும். முன்பு அதற்குக் கொடுத்த கிளிண்டாமைசினை 2021 அமெரிக்க வழிகாட்டுதலில் எடுத்துவிட்டார்கள்.

ஈறு_கவனம்:
டாக்டர் சொன்ன டோஸ் சரி. ஆனால் பேச்சு முழுக்க மாத்திரையிலேயே நிற்பதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஈறு வீங்கியிருந்தால் சாப்பிடும்போதும் பல் தேய்க்கும்போதும் கிருமி ரத்தத்துக்குள் போகிறது. பல் பிடுங்குவது வாழ்க்கையில் சில தடவை, தேய்ப்பது தினமும்.

சுகர் கிளினிக்கில் ஒரு பெரியவர். இன்சுலின் யூனிட்டை ஏற்றிக்கொண்டே போனார்கள், எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சுகர் அளவு) இறங்கவில்லை. ஈறை லேசாக அழுத்தினால் சீழ். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே அளவுகோலை விட்டால் 7 மி.மீ. இறங்கியது, 3 வரைதான் ஆரோக்கியம். ஈறு அழற்சி இன்சுலினை வேலை செய்ய விடாது, ஏறிய சுகர் ஈறை ஆற விடாது. வேர் வரை சுத்தம் செய்தால் மூன்று, நான்கு மாதத்தில் எச்பிஏ1சி சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி அளவு குறையும். மருந்தை விடச் சொல்லவில்லை, இது அதோடு சேர்ந்தது.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். மென்மையான பிரஷ். முனை ஈறும் பல்லும் சேரும் இடத்தில் 45 டிகிரி சாய்ந்திருக்கட்டும். சின்னச் சின்ன அசைவு, இரண்டு நிமிடம், காலை ஒன்று, படுக்கும் முன் ஒன்று. பட்டாணி அளவு ஃப்ளோரைடு பேஸ்ட் போதும். துப்பிவிட்டு உடனே தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காதீர்கள், ஃப்ளோரைடு போய்விடும். பல் இடுக்குக்கு இடுக்கு பிரஷ். திணிக்காமல் நுழையும் சைஸ் எதுவோ அது. ரத்தம் வருகிறதென்று தேய்ப்பதை நிறுத்துவதுதான் பெரிய தவறு. வீங்கிய ஈறில்தான் ரத்தம் வரும், அழுக்கு போனால் வாரங்களில் நிற்கும். செங்கல் பொடியும் புகையிலைப் பொடியும் வேண்டவே வேண்டாம்.

கேஷுவாலிட்டி:
கடைவாய்ப்பல் வலிக்கு கிராம்பு எண்ணெய் வைத்துக்கொண்டே இருந்த பையன். தாடைக்கு அடியில் இருபுறமும் கல் மாதிரி வீக்கம், நாக்கு மேலே தூக்கிவிட்டது, எச்சிலை விழுங்க முடியவில்லை. மல்லாக்கப் படுக்க வைத்ததும் மூச்சு திணறியது. அப்படி வந்தால் உட்கார வைத்தே, மூச்சுக்குழாய் போடும் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள், பல் கிளினிக்குக்கு அல்ல.