எஸ்டீம் 1.3: ஃப்ளைவீலை லேத்ல குறைக்கலாமா?

எஸ்டீம்1300:
வணக்கம். பழைய எஸ்டீம், 1.3 லிட்டர் பெட்ரோல். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேல ஓட்டத்தான் வச்சிருக்கேன். கிளட்ச் மாத்த கியர்பாக்ஸ் இறங்கியிருக்கு. அப்படியே ஃப்ளைவீல்ல (எஞ்சின் தண்டோட சுத்தற கனமான இரும்புச் சக்கரம்) லேத்ல கடைஞ்சு 2 கிலோ எடுத்துடலாம்னு மெக்கானிக் அண்ணன் சொல்றார். பவர் கூடுமா? கிராங்க் (எஞ்சினோட மெயின் தண்டு) முனையில இருக்கற பெல்ட் புல்லியையும் அலுமினியத்துக்கு மாத்தணுமா?

கோவை_லேத்:
பவர் கூடாதுங்க. ஆர்.பி.எம். ஏறும்போது அந்த இரும்பைச் சுழற்றப் போற டார்க் (முறுக்கு விசை) மிச்சமாகும், அவ்வளவுதான்.

எந்த இடத்துல எடுக்கறீங்கங்கறதுதான் முக்கியம். 5 செ.மீ. ஆரத்துல ஒரு கிலோ எடுக்கறதை விட 10 செ.மீ.ல எடுத்தா நாலு மடங்கு பலன். 11 செ.மீ.ல 2 கிலோ போகுதுன்னு வைங்க. முதல் கியர்ல மொத்த ரேஷியோ (டயர் ஒரு சுத்துக்கு எஞ்சின் எத்தனை சுத்து) 14, டயர் ஆரம் 27 செ.மீ.ன்னா, வண்டில 65 கிலோ இறக்கின மாதிரி. ரேஷியோவும் வர்க்கமாகுதுல்ல, அதனால. டாப் கியர்ல 3.2 ரேஷியோன்னா அதே வேலைக்கு மூணரை கிலோ கூட வராது. ஸ்லோ கார்னர்ல இருந்து வெளிய வரும்போது தெரியும், ஸ்ட்ரெய்ட்ல தெரியாது.

ஆனா ஒண்ணு. உங்களுது காஸ்ட் அயர்னா (வார்ப்பிரும்பு) இருந்தா லேத்ல ஏத்தாதீங்க. ஆர்.பி.எம். ரெண்டு மடங்கானா விளிம்புல இழுவிசை நாலு மடங்கு. காஸ்ட் அயர்ன் இழுவையைத் தாங்காது, முன்னறிவிப்பே இல்லாம வெடிக்கும். குறுக்க வச்ச எஞ்சின்ல ஃப்ளைவீல் சுத்தற தளம் நேரா ஃபயர்வாலை, அதாவது எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கற தகட்டைப் பாக்குது. அதுக்குப் பின்னாடி உங்க கால் இருக்கு. ஃபோர்ஜ் பண்ணின ஸ்டீல்ல புதுசா வாங்குங்க. இந்த விஷயத்துல நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

புல்லில ரப்பர் வளையம் இருக்கான்னு பாருங்க. இருந்தா அது கிராங்க்கோட முறுக்கு அதிர்வை அடக்கற டாம்பர். கழட்டக் கூடாது.

வால்பாறை_ரோடு:
லேசான ஃப்ளைவீல் போட்ட வண்டியை 40 கொண்டை ஊசி ஏத்திருக்கேன். த்ராட்டில் தொட்டதும் எஞ்சின் எகிறும், கியர் இறக்கறப்ப ரெவ் மேட்ச் பண்றது (எஞ்சின் வேகத்தை அந்த கியருக்கு ஒத்து வர ஏத்தறது) அவ்வளவு சுகம். ஆனா ஏத்தத்துல பஸ்ஸுக்கு ஒதுங்கி நின்னு மறுபடி எடுக்கறது பெரிய பாடு. ஏ.சி. போட்டா ஐடிலிங் நடுங்கும். டிராக்குக்கு மட்டும்னா தாராளமா போடுங்க.

எஸ்டீம்1300:
ரொம்ப நன்றிங்க. லேத் ஐடியாவை விட்டாச்சு, ஸ்டீலே வாங்கிக்கறேன். வந்ததும் அப்படியே மாட்டிடலாமா?

கோவை_லேத்:
ஃப்ளைவீலைத் தனியா ஒரு தடவை பேலன்ஸ் பாருங்க. அப்புறம் கிளட்ச் கவரை மாட்டி இன்னொரு தடவை. ரெண்டுலயும் நேரா ஒரு குறி போட்டு வைங்க, பிரிச்சு மாட்டும்போது அதே இடத்துல உக்காரணும். ரிங் கியர் (ஃப்ளைவீல் விளிம்புல ஸ்டார்ட்டர் மோட்டார் கடிக்கற பல் வளையம்) பல் எண்ணிக்கை பழசோட ஒத்து வருதான்னு பாக்காம பில் போட விடாதீங்க. போல்ட் புதுசு வாங்குங்க, டார்க் ரெஞ்ச் வச்சு குறுக்குக் குறுக்கா முடுக்கச் சொல்லுங்க.