ஏறாமல் பழக்குவதற்கு ஒரு சொல்

ந. எழுதியது:

அன்பர்களே, குதிரையேற்ற வகுப்புக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். இரண்டு சொற்களில் மாட்டிக்கொண்டேன்.

'கிரவுண்ட்வொர்க்': குதிரைமேல் ஏறாமல், தரையில் நின்று கயிற்றைப் பிடித்தபடி நடக்க, நிற்க, பின்வாங்க, விலகப் பழக்குவது. 'பிளாட்வொர்க்': ஏறிய பிறகு, தடை எதையும் தாண்டாமல், வட்டம், வளைவு, நடைமாற்றம் என்று பழக்குவது. முதலாவதை 'அடித்தளப் பணி' என்று எழுதினேன். வீடு கட்டுவதுபோல் இருக்கிறது. இரண்டாவதற்கு மென்பொருள் 'தட்டை வேலை' என்கிறது. இரண்டின் நோக்கமும் 'ரிலாக்சேஷன்', 'பேலன்ஸ்' என்கிறார் ஆசிரியர். கைகொடுங்கள்.

செ. எழுதியது:

தரைப்பயிற்சி, தளப்பயிற்சி. தளர்வு, சமநிலை. முடிந்தது.

கு. எழுதியது:

செ. ஐயா, அவ்வளவு சுலபமா? தரைக்கும் தளத்துக்கும் என்ன வேறுபாடு? குதிரை இரண்டிலும் மண்ணில்தான் நிற்கிறது. மனிதர்தான் இடம் மாறுகிறார். ஆகவே வினையை வைத்துப் பிரிப்போம்: ஏறாப் பயிற்சி, தாண்டாப் பயிற்சி. இரண்டும் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். ஒற்று மிகும், ஓசையும் இணையும்.

ம. எழுதியது:

நான் குதிரை பழக்குகிறவள். இலக்கணம் உங்கள் அளவுக்கு வராது. ஆனால் 'தாண்டாப் பயிற்சி' என்றால் தாண்டாமல் இருக்கப் பழக்குவது என்றுதான் என் மாணவர்கள் எடுத்துக்கொள்வார்கள். உண்மையில் தடை தாண்டும் குதிரைக்குத்தான் இது அதிகம் வேண்டும். தடைக்கு முன்னால் அடியைச் சீராக வைக்க இங்கேதான் கற்றுக்கொள்கிறது.

'தளர்வு' வேண்டவே வேண்டாம். தளர்ந்த குதிரை சோர்ந்த குதிரை. நாங்கள் எதிர்பார்ப்பது வேறு. தசை இறுகி, உடனே விட்டு, மறுபடி இறுகி வேலை செய்ய வேண்டும். கழுத்து தானாகக் கீழே நீளும், முதுகு அசையும், வால் இருபக்கமும் ஆடும், மூச்சை மூக்கால் புர்ரென்று விடும். தூங்குகிற குதிரையிடம் இதெல்லாம் இருக்காது. ஜெர்மானியப் பயிற்சி முறையில் ஆறு படிகள் உண்டு. முதலாவது தாளம், இரண்டாவது இதுதான். அவர்கள் சொல் 'லோஸ்கெலாசென்ஹைட்'. விட்டுவிட்ட நிலை என்று பொருள் சொல்லலாம்.

கு. எழுதியது:

'நெகிழ்ச்சி'?

ம. எழுதியது:

விருது வாங்கியவர்கள் மேடையில் சொல்வது அது.

செ. எழுதியது:

'இளக்கம்' என்று வையுங்கள். மெழுகும் இளகும், மனமும் இளகும். உடலுக்கும் உள்ளத்துக்கும் பொது. அந்த ஆறு படிகளில் ஐந்தாவது, நேராகச் செல்லுதல், இல்லையா? அதை யாரோ ஒருமுறை 'நேர்மை' என்று பெயர்த்திருந்தார்கள். நேர்மையற்ற குதிரை! சொல்லாக்கத்தில் தவறே இல்லை, படித்தால்தான் சிரிப்பு வருகிறது.

கு. எழுதியது:

கயிற்றை நீளமாக விட்டு, நடுவில் நின்று குதிரையை வட்டமாக ஓட்டுகிறார்களே, 'லஞ்சிங்', அதற்குச் சொல் தேடவே வேண்டாம். 'சாரி' இருக்கிறது. குதிரையின் ஓட்டம் ஐங்கதி (ஐந்து நடை), பதினெண் சாரி (பதினெட்டு வகையாகச் சுற்றி ஓடுதல்) என்று நம் பழைய உரைகளில் வருவதை இங்கே எல்லாரும் படித்திருப்பீர்கள். இடப்பக்கம் சுற்றினால் இடசாரி, வலப்பக்கம் சுற்றினால் வலசாரி. கயிறு 'சாரிக்கயிறு'. அரசியலில் நாம் தினமும் சொல்கிற இடதுசாரி, வலதுசாரியின் பின்னால் குதிரைக் குளம்பொலி கேட்கிறதா, பாருங்கள்!

ந. எழுதியது:

கு. ஐயா, அருமை. ஆனால் நான் கேட்டது லஞ்சிங் இல்லை.

த. எழுதியது:

சாரி வடசொல். 'சர' என்னும் அடி. 'கதி'யும் அப்படியே. தூய தமிழ் வேண்டுமென்றால் 'பரி'யிலிருந்து தொடங்குங்கள். பரிதல் என்றால் ஓடுதல், ஓடுவதால் பரி. பழக்குவது 'பரிநெறி' ஆகட்டும்.

கு. எழுதியது:

ஏன் 'சார்' என்னும் தமிழடியாக இருக்கக்கூடாது? ஒரு பக்கம் சார்ந்து சுற்றுவது சாரி. மலைச்சாரலும் மலையைச் சார்ந்ததுதான்.

த. எழுதியது:

மழைச்சாரல் எதைச் சார்ந்தது?

ம. எழுதியது:

பரிநெறி என்று குதிரை லாயத்தில் போய்ச் சொன்னால் பரிகாரம் செய்ய வந்திருக்கிறேன் என்பார்கள். சாரி எனக்குப் பிடித்திருக்கிறது. குதிரைக்கும் நம்மைப்போல் கைவாகு உண்டு. ஒரு பக்கம் எளிதாக வளையும், மறுபக்கம் விறைக்கும். அதனால் இரண்டு சாரியும் விட வேண்டும், அதுவும் அளவோடு. சிறிய வட்டத்தில் நெடுநேரம் சுற்றினால் மூட்டுக்குக் கேடு. வகுப்பில் "இப்போது வலசாரி" என்றால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு மறக்க மாட்டார்கள்.

சமநிலைக்கு வேறு சொல் தேட வேண்டாம், விளக்கம்தான் வேண்டும். நிற்கும் குதிரையின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு முன்னங்கால்களில் இருக்கிறது. நாம் ஏறி உட்கார்ந்தால் முன்புறச் சுமை இன்னும் கூடுகிறது. பின்னங்கால் வயிற்றுக்கு அடியில் நன்றாக வந்து பாரத்தை வாங்கக் கற்றுக்கொடுப்பதே பயிற்சியின் பெரும்பகுதி. 'சமன்' என்றதும் இரண்டு பக்கமும் சரிபாதி என்று நினைத்துவிடுகிறார்கள்.

த. எழுதியது:

அப்படியானால் சமநிலையும் தவறு. 'நிறைநிலை' என்போம். நிறை எடையும் ஆகும், உறுதியும் ஆகும்.

செ. எழுதியது:

கருப்பக் காலத்தையும் குறிக்கும். நிறைமாதக் குதிரை என்று நினைத்துக்கொள்வார்கள். விடுங்கள்.

ந. எழுதியது:

நாளை காலை கோப்பு போகிறது. இதுவரை எழுதியவர்களில் பெரும்பாலோர் பக்கம் சாய்ந்து இப்படி வைத்துவிட்டேன்: தரைப்பயிற்சி, சமதளப் பயிற்சி, இளக்கம், சமநிலை. முதல் இடத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் 'ஏறாப் பயிற்சி'. கலைச்சொல் பட்டியலில் சாரியும் சாரிக்கயிறும் உண்டு. சமநிலைக்கு ம. அம்மா தந்த விளக்கம் அடிக்குறிப்பில். எல்லாருக்கும் நன்றி.

கு. எழுதியது:

தரைப்பயிற்சி ஜிம்னாஸ்டிக்ஸ்காரர்களின் சொல். குதிரை குட்டிக்கரணம் போடப்போகிறது என்று யாராவது நினைத்தால் நான் பொறுப்பல்ல. என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

செ. எழுதியது:

முதல் மடலிலேயே நான் சொன்னதுதானே இது.

த. எழுதியது:

நீங்கள் சொன்னது தளப்பயிற்சி. வந்திருப்பது சமதளம். தளர்வும் போய்விட்டது. அப்புறம், 'சமம்' வடசொல்.