கிளீனிங் செய்தால் பல் ஆடுமா? செய்துகொண்டவர்கள் சொல்லுங்கள்

பல் தேய்க்கும்போதெல்லாம் ரத்தம் வந்ததால் போன மாதம் ஸ்கேலிங், அதாவது பல் கிளீனிங், செய்துகொண்டேன். வீட்டில் எல்லோரும் ஒரே பாட்டு, கிளீனிங் பண்ணினால் பல் ஆடும் என்று. டாக்டரிடமே கேட்டுவிட்டேன். அவர் கையில் கண்ணாடியைக் கொடுத்து கீழ் முன்பற்களின் உள்பக்கத்தைக் காட்டினார். பல்லும் பல்லும் சேரும் கோடே தெரியாமல் மஞ்சளாகச் சுவர் எழுப்பினாற்போல் காரை, பல்லில் கெட்டியாகப் படிந்துபோன அழுக்கு! அப்புறம் மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே இறக்கி இறக்கி, "மூணு, ரெண்டு, மூணு, அஞ்சு" என்று உதவியாளரிடம் சொல்லிக்கொண்டே போனார். 3 வரை பரவாயில்லை, அதற்கு மேல் போனால் ஈறு பல்லை விட்டுப் பிரிந்து பை விழ ஆரம்பித்திருக்கலாம் என்றார்.

காரை போனதும் நாக்கு சும்மா இருக்கவில்லை, புதிதாகத் தெரிந்த இடைவெளிகளையே தடவிக்கொண்டிருந்தது. சில நாள் குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீர் என்றது, பிறகு போய்விட்டது. இடைவெளி ஏற்கெனவே இருந்ததுதான், காரையும் வீங்கிய ஈறும் அதை மூடி வைத்திருந்தன. பல் ஆடுவது அதைப் பிடித்திருக்கும் எலும்பு கரைந்ததால். பழி மட்டும் கிளீனிங் மேல்.

* * *

எனக்கு ரத்தமே வந்ததில்லை, அதனால் ஈறு நன்றாக இருக்கிறது என்றே நினைப்பு. பல வருடமாக சிகரெட். நிகோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுவதால் புகைப்பவர்களுக்கு நோய் இருந்தாலும் ரத்தம் குறைவாகத்தான் வருமாம். எக்ஸ்ரேயில் கடைவாய்ப் பற்களைச் சுற்றி எலும்பு இறங்கியிருந்தது. மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்குள் வேர் வரை சுத்தம் செய்தார்கள். போன எலும்பு தானாக வளராது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்று டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னது பிடித்திருந்தது.

* * *

அப்பாவுக்கு ஈறு பல் மேல் ஏறி வளர்ந்துகொண்டே போனது. கடைசியில் பார்த்தால் பிரஷருக்குச் சாப்பிடும் அம்லோடிபின்! எல்லோருக்கும் வராது, சிலருக்கு வரும், அதுவும் வாய்ச் சுத்தம் குறைந்தால் இன்னும் அதிகமாகும். டாக்டர் வேறு மாத்திரைக்கு மாற்றினார், சுத்தமும் செய்தார்கள், கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், ப்ளீஸ்.

* * *

ரத்தம் வருகிற இடத்தைத் தேய்க்காமல் விட்டால் ஆறாதா?

* * *

ஆறாது, இன்னும் கெடும். 1965இல் ஹரால்டு லோ என்ற ஆராய்ச்சியாளர், நல்ல ஈறு உள்ளவர்களைப் பல் துலக்காமல் இருக்கச் சொல்லிப் பார்த்தார். மூன்று வாரத்துக்குள் எல்லோருக்கும் ஈறு அழற்சி வந்துவிட்டது. மறுபடி துலக்க ஆரம்பித்ததும் ஒரு வாரம்போல் ஆனதில் சரியாகிவிட்டது. எலும்பு வரை போகாத ஆரம்ப நிலையில் இப்படித் திரும்பும். மென்மையான பிரஷ், ஈறு விளிம்பைப் பார்த்துச் சாய்த்துப் பிடித்து மெதுவாக. குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷை நம்பி உட்காராதீர்கள், காரையை அது கரைக்காது, நாள்கணக்கில் கொப்பளித்தால் பல்லில் பழுப்புக் கறைதான் ஏறும். பல் இடுக்குக்கு நூலோ குட்டி பிரஷோ எடுங்கள். குட்டி பிரஷ் என்றால் அளவை டாக்டரிடமே கேட்டு வாங்குங்கள், பெரிதாக வாங்கித் திணித்தால் ஈறு கிழியும்.