தாமிரபரணி வயல்களின் மீத்தேனைச் செயற்கைக்கோள் படத்தில் காண முடியுமா?

கன்னடியன்கால் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் பதினோராம் வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறேன். என் மாணவிகள் நால்வர், சென்டினல்-5பி செயற்கைக்கோளின் ட்ரோப்போமி கருவி தந்த மீத்தேன் படங்களில் 2019 மார்ச் மாதத்தையும் 2023 மார்ச் மாதத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். முதல் படத்தில் மஞ்சளாக இருந்த கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவிப் பகுதி இரண்டாவதில் சிவந்திருக்கிறது; சிவப்பு என்றால் மீத்தேன் அதிகம். பிசான (பின்பருவ) நெல்தான் காரணம் என்று அறிக்கையும் எழுதிவிட்டார்கள். நெல்வயல் மீத்தேன் விடுவது உண்மைதான். களை பறிக்க இறங்குபவர்கள் சேற்றில் கால் வைத்ததும் குமிழ்கள் கொப்பளித்து வருவதைச் சிறு வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். ஆயினும் இந்த முடிவை அப்படியே ஏற்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டு படங்களை மட்டும் கொண்டு போக்கு என்று ஒன்றைச் சொல்லலாமா?

பொதிகைச்சாரல் எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். உங்கள் தயக்கம் சரியானது. மீத்தேன் காற்றில் ஏறத்தாழ பத்தாண்டுகள் தங்குவதால் உலகம் முழுவதும் கலந்துவிடுகிறது. தரை நிலைய அளவீடுகளின்படி 2019-இல் உலகச் சராசரி நூறு கோடி மூலக்கூறுகளுக்கு சுமார் 1,866 ஆக இருந்தது. 2023-இல் அது சுமார் 1,922. இடையில் 2020-உம் 2021-உம் அதுவரை காணாத வேகத்தில் ஏறிய ஆண்டுகள். ஆகவே நிற அளவுகோலை மாற்றாமல் இரண்டு படங்களையும் வரைந்தால், நெல்லே விளையாத சகாராவும் சிவந்துதான் தெரியும். மாணவிகள் கண்டது பெரும்பாலும் உலகப் பின்னணியின் ஏற்றமே.

இன்னொன்றையும் அவர்களிடம் கேளுங்கள். மார்ச்சில் நம் பக்கம் பெரும்பாலான வயல்களில் பிசானம் அறுவடையில் இருக்கும், அல்லது அறுப்புக்காகத் தண்ணீரை வடித்திருப்பார்கள். மீத்தேனை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் உயிர்வளி புகாத சேற்றில்தான் வேலை செய்கின்றன. வயல் காய்ந்து வெடித்த பிறகு அவற்றுக்கு இடமில்லை. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விட்டால் மீத்தேன் குறைகிறது என்பதும் இதனால்தான். வயலில் நீர் நிறைந்து நிற்கும் ஐப்பசி, கார்த்திகையிலோ வடகிழக்குப் பருவமழை மேகம் மூடியிருக்கும். ட்ரோப்போமியால் மேகத்தை ஊடுருவி மீத்தேனை அளக்க முடியாது. நாம் தேடும் வாயு வெளிவரும் நாட்களில்தான் படம் வெறுமையாக இருக்கிறது. தெளிவான நாட்களை மட்டும் கூட்டி எடுத்த ஆண்டுச் சராசரியை முழு ஆண்டின் கணக்காகக் கொள்வது தவறு; என் பார்வையில் இந்தத் துறையில் புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான்.

தேரிமணல் எழுதியது:

மேலே சொன்னதோடு கருவியின் இயல்பையும் சேர்க்க விரும்புகிறேன். சூரிய ஒளி வளிமண்டலத்தைக் கடந்து, தரையில் பட்டுத் திரும்பி, சுமார் 824 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள கருவியை அடைகிறது. வழியில் 2.3 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி எவ்வளவு ஒளி விழுங்கப்பட்டிருக்கிறது என்பதிலிருந்து, தரை முதல் உச்சி வரையிலான மொத்தக் காற்றுத் தூணில் உள்ள மீத்தேனைக் கணக்கிடுகிறார்கள். வயலுக்கு மேல் ஒரு பனை உயரத்தில் உள்ள காற்றை மட்டும் அது தனியே காட்டுவதில்லை. 2019 ஆகஸ்ட் முதல் ஒரு படப்புள்ளி ஏழு கிலோமீட்டருக்கு ஐந்தரை கிலோமீட்டர்; அதற்கு முன் ஏழுக்கு ஏழு. நம் ஆற்றங்கரை வயல்வெளி ஒடுங்கிய பட்டை என்பதால், ஒரே புள்ளிக்குள் வயல், குளம், ஊர், பொட்டல் எல்லாம் அடங்கிவிடும்.

பின்னணியைக் கழிப்பதற்குத் திசையன்விளைப் பக்கத்துத் தேரியோடு (செம்மணல் மேட்டோடு) வயலை ஒப்பிடலாம் என்று சிலர் சொல்லக்கூடும். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் செய்தேன். வறண்ட மணல் இந்த அலைநீளத்தில் ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்பும்; ஈர வயலோ அதில் மிக இருட்டு. தரை இருண்டிருந்தால் கணிப்பில் ஒரு சாய்வு ஏற்படுவது அறியப்பட்ட குறை. திருத்தங்கள் செய்த பின்னும் மிச்சம் இருக்கலாம். தற்செயல் பிழையானால் நூறு அளவீடுகளைக் கூட்டிச் சராசரி எடுக்கும்போது பத்தில் ஒன்றாகக் குறையும். ஒரே பக்கம் சாயும் பிழை, ஆயிரம் கூட்டினாலும் அப்படியே நிற்கும். பொதிகை மலைச்சரிவையும் ஒப்பீட்டுக்கு எடுக்காதீர்கள். உயரமான தரைக்கு மேலுள்ள தூணில் மீத்தேன் குறைந்த மேலடுக்கின் பங்கு கூடிவிடுவதால், காரணமின்றிக் குறைவாகத் தெரியும்.

நீண்ட காலப் போக்குக்கு ஒரே கருவி போதாது. என்விசாட் என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோளில் இருந்த சியாமாச்சி கருவி 2002 முதல் 2012 வரை அளந்தது, ஜப்பானின் கோசாட் செயற்கைக்கோள் 2009-இல் ஏவப்பட்டது, ட்ரோப்போமி 2017-இல் வந்தது. கோசாட்டின் காலம் மற்ற இரண்டோடும் மேற்படிவதால்தான் அவற்றை இணைத்துப் பார்க்க முடிகிறது. தராசை மாற்றும் கடைக்காரர் அதே மூட்டையைப் பழைய தராசிலும் புதிய தராசிலும் நிறுத்துப் பார்ப்பதைப் போன்றது இது.

கன்னடியன்கால் எழுதியது:

அண்ணாச்சிமார் இருவருக்கும் நன்றி. மார்ச்சில் வயல் காய்ந்திருக்கும் என்பது இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு எப்படித் தோன்றாமல் போனது என்று வருந்துகிறேன். பிள்ளைகள் மிகுந்த உழைப்பைக் கொட்டியிருக்கிறார்கள். அதே தரவுக் கிடங்கிலிருந்து அவர்களால் நேர்மையாகச் செய்யக்கூடிய வேறு ஆய்வு உண்டா?

தேரிமணல் எழுதியது:

நைட்ரஜன் டை ஆக்சைடை எடுக்கச் சொல்லுங்கள். பகல் வெயிலில் சில மணி நேரமே நிலைப்பதால் அது பிறந்த இடத்தை விட்டு நெடுந்தொலைவு போவதில்லை. தூத்துக்குடி அனல் மின் நிலையத்தைச் சுற்றி, மேற்கிலிருந்து மேல்காற்று வீசும் ஆடி மாத நாட்களைத் தனியாகவும் வாடைக் காலத்து நாட்களைத் தனியாகவும் பிரித்து, ஐந்தாறு ஆண்டுகளைச் சராசரி எடுத்தால், புகைத் தடம் எந்தப் பக்கம் நீள்கிறது என்பதை அவர்களே சோதிக்கலாம். ஒவ்வொரு அளவீட்டுடனும் வரும், 0 முதல் 1 வரையிலான தர மதிப்பு 0.75-க்கு மேல் உள்ளவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளட்டும். எஞ்சிய நாட்கள் எத்தனை என்பதையும் படத்தின் அடியிலேயே குறிக்கட்டும். செயற்கைக்கோள் நம் ஊரைக் கடப்பது பிற்பகல் ஒன்றரை மணியை ஒட்டி என்பதால், காலை நேர நெரிசலும் இரவுப் புகையும் இந்தக் கணக்கில் வராது என்று அறிக்கையின் முதல் பத்தியிலேயே எழுதச் சொல்லுங்கள்.