வன்னிக்கு ஒரு நீர்ப்பறவைக் கழகம் வேண்டுமா?

குளக்கட்டு:
வட அமெரிக்காவில் 1976இல், கூட்டமாகக் கூடுகட்டும் நாரை, ஆலா போன்ற பறவைகளை ஆராய்ந்தவர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள். பிறகு எல்லா நீர்ப்பறவைகளையும் எடுத்துக்கொண்டு, இன்று வாட்டர்பேர்ட் சொசைட்டி என்ற பெயரில் சொந்த ஆய்விதழும் நடத்துகிறார்கள். வங்காலை, கட்டுக்கரை, இரணைமடு, சுண்டிக்குளம், நாயாறு, கொக்கிளாய் என்று இவ்வளவு குளங்களையும் களப்புகளையும் வைத்திருக்கிற எங்களுக்கு ஏன் அப்படி ஒன்று இல்லை? ஆசிரியர்கள், கம்பஸ் பிள்ளைகள், கமக்காரர், மீன்பிடிக்கிறவர்கள் சேர்ந்து தொடங்கினால் என்ன?

கட்டுக்கரைக் கமக்காரன்:
தம்பி, காலபோக (மாரிகால) நெல் விதைத்து முளை வருகிற நேரம் இரவோடு இரவாகத் தாரா இறங்கினால் விடிய வயலைப் பார்க்க ஏலாது. மிச்சத்தை நீலக்கோழி முறித்துத் தின்னும். அதை எந்தக் கழகம் எண்ணும்? இன்று பறவையை எண்ணுவீர்கள், நாளைக்குச் சரணாலய எல்லைக்கல் வரும். ஒரு திணைக்களம் கோடு கீறி முடித்த பிறகுதான் அது எங்கள் வயலுக்குள்ளால் போகிறது என்றே எங்களுக்குத் தெரிந்தது.

நாயாற்றுக்காரி:
அண்ணை, சுண்டிக்குளம் சரணாலயமானது 1938இல். கொக்கிளாய் 1951இல். அப்போது எந்த ஊர்க் கழகம் எண்ணிக் கொடுத்தது? கீறுகிறவர்கள் எங்களைக் கேட்காமலே கீறுவார்கள். கையில் கணக்கிருந்தால் 'இந்த மூலையில் பறவையே இறங்குவதில்லை, கல்லைப் பிடுங்குங்கோ' என்றாவது சொல்லலாம்.

கட்டுக்கரைக் கமக்காரன்:
சொல்லலாம். கேட்பார்களா?

மருதநிழல்:
எண்ணுவதற்கு ஆட்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். சிலோன் பேர்ட் கிளப் 1943இலிருந்து இயங்குகிறது. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987இல் தொடங்கியது, ஜனவரி தோறும் நடக்கிறது. வங்காலை 2010இல் ரம்சார் பட்டியலிலும், அதாவது முக்கிய ஈரநிலங்களின் சர்வதேசப் பட்டியலிலும், ஏறிவிட்டது. இனி இன்னொரு சங்கம், இன்னொரு தலைவர், இன்னொரு பொன்னாடை. வேண்டாம்.

குளக்கட்டு:
பொன்னாடையை விடுங்கோ, அது எனக்கும் ஒவ்வாது. ஜனவரியில் எண்ணுவது பெரும்பாலும் வடக்கிலிருந்து வலசை வந்து தங்கியிருப்பவற்றை. கூழைக்கடாவும் நீர்க்காகமும் எந்தக் குளத்து மரத்தில் எப்போது கூடு கட்டின, எத்தனை குஞ்சு பறந்தது என்பது அந்தக் கணக்கில் வராது. ஒரே மரத்தை மாதக்கணக்கில் பார்க்க, ஊரில் இருக்கிறவர்தான் வேண்டும்.

விலங்கியல் மாணவன்:
எனக்குப் பயமே அதுதான். கூட்டுக்குக் கிட்டப் போனால் தாய் எழும்பிவிடும். அந்த இடைவெளியில் காகமும் பருந்தும் முட்டையை எடுக்கும், மத்தியான வெயிலில் நிழலில்லாமல் குஞ்சு செத்துப்போகும். மரத்தடியில் வள்ளத்தைக் கட்டி, ட்ரோன் விட்டு, முகநூலில் படம் போடுகிற கூட்டம் கழகப் பலகையோடு வந்தால் நிலைமை என்ன? தூரத்தில், குளக்கட்டின் மேல் நின்று, ஒவ்வொரு முறையும் அதே இடத்திலிருந்து எண்ண வேண்டும். அந்த ஒழுங்கு இல்லையென்றால் எண்ணாமல் விடுவதே பறவைக்கு நல்லது.

நாயாற்றுக்காரி:
வலையில் மாட்டிச் சாகிற நீர்க்காகத்தையும் எழுத வேண்டும். இப்போது எங்கள் ஆட்கள் வாய் திறக்கமாட்டார்கள், வலையைப் பறித்துவிடுவார்கள் என்ற பயம். ஆள் பெயர் இல்லாத கணக்கென்றால் சொல்வார்கள்.

குளக்கட்டு:
சரி. கூட்டுக்குக் கிட்ட யாரும் போவதில்லை. கூடு இருக்கிற இடத்தைச் சொல்லிப் படம் போடுவதில்லை. ஆள் பெயர் எழுதுவதில்லை. கமக்கார அமைப்பைக் கேட்காமல் கணக்கு வெளியே போகாது. அண்ணை, இப்போது என்ன சொல்லுகிறீர்கள்?

மருதநிழல்:
கடைசி நிபந்தனையை எடுங்கள். ஒரு தரப்பின் சம்மதத்தோடு மட்டும் வெளிவருவதற்குப் பெயர் ஆய்வில்லை. வயலுக்குப் பாதகமான எண் வந்தால் அது அலுமாரிக்குள் போய்விடும். கணக்கு எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும், அல்லது தொடங்கவே கூடாது.

கட்டுக்கரைக் கமக்காரன்:
ஒளிக்கிறவர்கள் நாங்களாம், நல்ல கதை. எங்கள் நட்டத்தை இதுவரை ஒருவரும் எழுதவே இல்லையே ஐயா, ஒளிக்க என்ன இருக்கிறது? பறவை எண்ணுகிற அதே கொப்பியில் தாரா இறங்கின வயலையும் அழிந்த ஏக்கரையும் எழுதினால், திறந்தே வையுங்கோ. கூட்டத்துக்கு வருகிறேன். கையெழுத்து வைப்பேன் என்று சொல்லவில்லை.