சூதுபவளத்தில் ஹெர்குலிஸ்: அரிக்கமேட்டுக் கல்லா, பிற்கால வேலையா?

வீராம்பட்டினத்தான்:
புதுச்சேரியில் ஒரு சொல்தா (பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவர்) குடும்பத்துப் பெட்டியிலிருந்து விலைக்கு வந்திருக்கிறது. சிவப்புக் கல் (சூதுபவளம்), முட்டை வடிவம், 34 மி.மீ. நீளம். தங்கச் சட்டம், பின்பக்கம் திறப்பு. ஹெர்குலிஸ் அன்டேயஸ் என்ற அரக்கனைத் தரையிலிருந்து தூக்கி நெரிக்கிறார்; குழிவேலை. ஓரத்தில் கிரேக்க எழுத்தில் டியோஸ்கூரிடீஸ் பெயர். அரிக்கமேட்டில் எடுத்தது, ரோமப் பேரரசர் அகஸ்டஸ் காலத்தது என்கிறார்கள். வாங்கலாமா? நாமே எதையெல்லாம் சோதிக்க முடியும்?

முத்திரைக்கல்:
அளவும் பெயரும்தான் இடிக்கின்றன. ரோமானிய மோதிரக் கற்கள் பெரும்பாலும் இதில் பாதி அளவுகூட இருக்காது. டியோஸ்கூரிடீஸ் அகஸ்டஸின் முத்திரையைச் செதுக்கியவர். அதனாலேயே 18, 19ஆம் நூற்றாண்டுகளில் அவர் பெயரைப் பொறித்தால் விலை ஏறியது. போலந்து இளவரசர் போனியாடோவ்ஸ்கி ரோம் நகரச் செதுக்குநர்களை வைத்து, ஹோமர், ஓவிட் கதைக் காட்சிகளில் 2,500க்கு மேல் கற்கள் செய்வித்தார். பலவற்றில் பழங்காலக் கலைஞர் பெயர்கள். 1839இல் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்துக்கு வந்தபோது சந்தேகம் பரவி விலை படுத்துவிட்டது. ஆக்ஸ்ஃபோர்டின் பீஸ்லி ஆவணக்காப்பகத் தளத்தில் அவற்றின் பட்டியல் உண்டு, ஒப்பிட்டுப் பாருங்கள். பெயர் பொய் என்பதற்காக வேலையை மட்டமாக நினைக்காதீர்கள். அந்தச் செதுக்குநர்களின் கை அபாரமானது.

கடலூர் பத்தர்:
முதலில் கல்லா கண்ணாடியா என்று பாருங்கள். பழங்கற்களைக் கண்ணாடியில் வார்த்துக் கொடுத்த டாஸ்ஸியின் (18ஆம் நூற்றாண்டு) காலத்திலிருந்தே கண்ணாடி வார்ப்புகள் ஏராளம். பத்து மடங்கு லென்ஸ், பின்னாலிருந்து டார்ச். உருண்டைக் குமிழிகள் தெரிந்தால் கண்ணாடி. செதுக்கலின் விளிம்புகள் மழுங்கி இருந்தாலும் வார்ப்பென்று சந்தேகப்படுங்கள். ஊசியால் கீறிப் பார்க்கவே கூடாது.

அடுத்து அச்சு. சூடான அரக்கு வேண்டாம், கல்லில் விரிசல் விழலாம். பல் மருத்துவர் அச்செடுக்கப் பயன்படுத்தும், இரண்டு பசைகளாக வரும் சிலிக்கோன் போதும். கல் சட்டத்தில் ஆடாமல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டு பசையும் சம அளவு, அரை நிமிடம் பிசைய வேண்டும். மெல்லிய பூச்சை முதலில் குழிக்குள் தடவி, பிறகு மீதியை அழுத்துங்கள். மொத்தமாக அப்பினால் ஆழமான இடத்தில் காற்று சிக்கி, அச்சில் மூக்கோ முழங்காலோ காணாமல் போகும். இறுகியதும் பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுங்கள். எழுத்து அச்சில் நேராக வாசிக்கவர வேண்டும். கல்லில் நேராகவும் அச்சில் இடவலம் மாறியும் வந்தால், முத்திரை வேலை அறியாதவர் பின்னால் சேர்த்ததாக இருக்கலாம்.

முத்திரைக்கல்:
ஒன்று விட்டுப்போனது. அரிக்கமேட்டில் தோண்டி எடுத்ததென்றால் அது சட்டச் சிக்கல், பெருமை அல்ல. 19ஆம் நூற்றாண்டு வேலையானாலும் நூறு வயது கடந்ததால் 1972 தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. விற்பவரிடம் தொல்பொருள் விற்கும் உரிமம் கேளுங்கள், குடும்பத்தின் பழைய ரசீது, கடிதம் எதுவானாலும் கேளுங்கள். அரிக்கமேடு என்ற பேச்சுக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் தராதீர்கள்.