ஆறு ஓராங் அஸ்லி மாணவர்கள் வருகிறார்கள்: விடுதியில் என்ன தயார் செய்து வைக்கலாம்?

விடுதிக்காரி, கோலாலம்பூர்:

வணக்கம். இங்கே ஓர் அரசாங்கப் பல்கலைக்கழக விடுதியில் ஃபெலோவாக, அதாவது மாணவர்களைக் கவனிக்கும் பொறுப்பாளராக, இருக்கிறேன். வரும் தவணையில், தீபகற்ப மலேசியாவின் பூர்வகுடிகளான ஓராங் அஸ்லி மக்களில் ஆறு மாணவர்கள் எங்கள் விடுதிக்கு வருகிறார்கள். இனக்குழுப்படி மூவர் செமாய், இருவர் தெமியார், ஒருவர் தெமுவான். இதற்கு முன் வந்தவர்களில் சிலர் பாதித் தவணையில் யாரிடமும் சொல்லாமல் ஊர் திரும்பிவிட்டார்கள். எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் என்று பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பெல்லாம் தாண்டி வந்த பிள்ளைகள். படிப்பு வராமல் போனார்கள் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பதிவு நாளுக்கு முன் எந்தத் தாள்களைச் சரிபார்க்க வேண்டும்? பண உதவி எங்கே சிக்கிக்கொள்ளும்? அறைகளை எப்படிப் பிரிப்பது? சபா, சரவாக் மாணவர்களுக்கு இங்கே சங்கம் இருக்கிறது. இவர்களையும் அதிலேயே சேர்த்துவிடலாமா? வரவேற்பு இரவில் இவர்களைச் செவாங் என்ற அவர்கள் ஆட்டத்தை ஆட வைக்கலாம் என்றும் ஒரு யோசனை வந்திருக்கிறது. எனக்கு மனம் ஒப்பவில்லை. விவரம் தெரிந்த அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்கள்.

கோப்புக்கட்டு, பிரிக்பீல்ட்ஸ்:

தங்கச்சி, முதலில் பெயர்ப்பட்டியலைக் கையில் எடுங்கள். ஓராங் அஸ்லி பெயர்கள் பலவற்றில், மலாய்ப் பெயர்களைப் போல, மகன், மகள் என்று பொருள்படும் 'பின்', 'பிந்தி' வரும். டெங்கில் பக்கத்துத் தெமுவான் மக்கள் நிலத்துக்காகப் போட்டு, 2002-இல் உயர் நீதிமன்றத்தில் வென்ற வழக்கே 'சாகோங் பின் தாசி' வழக்குதான். அந்த 'பின்'னைப் பார்த்தவுடன் முஸ்லிம் என்று கணினியில் தட்டிவிடுகிறார்கள். அடையாள அட்டையான மைகார்டில் இனம் அச்சிடுவதில்லை. முஸ்லிமாக இருந்தால் 'இஸ்லாம்' என்ற சொல் மட்டும் இருக்கும். பெயரில் 'பின்' இருந்து கார்டில் அந்தச் சொல் இல்லையென்றால், மாணவரையே தனியாகக் கேட்டு எழுதுங்கள். இந்த ஒரு கட்டம் தவறினால் அறைத் தோழர், சமய நிகழ்ச்சிக்கான வருகைப் பதிவு, நலநிதி எல்லாமே தப்பான பக்கம் போய்விடும்.

கார்டில் இனம் இல்லாததால், ஓராங் அஸ்லி மேம்பாட்டுத் துறையான ஜாக்கோவா 'இவர் ஓராங் அஸ்லி' என்று தரும் உறுதிக் கடிதம்தான் எல்லா உதவிக்கும் சாவி. அதை மாணவரின் சொந்த மாவட்ட ஜாக்கோவா அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள். குடும்ப விவரம் தெரிந்தவர்கள் அங்கேதான் இருப்பார்கள். அசல் ஒன்று, உறுதிப்படுத்திய நகல் ஐந்து வாங்கிக்கொண்டு பஸ் ஏறட்டும். இங்கே வந்த பிறகு ஒரு முத்திரைக்காக கேமரன் மலைக்கோ குவா மூசாங்கிற்கோ திரும்பிப் போனால் ஒரு வார வகுப்பு போச்சு.

அடுத்தது பணம். கட்டணம் பதிவு நாளிலேயே கேட்பார்கள். உதவித்தொகையோ தாள்கள் சுற்றி முடிந்து சில வாரம் கழித்துத்தான் கணக்கில் விழும். பிள்ளைகள் விழுவது இந்த இடைவெளியில்தான். பதிவு நாளுக்கு முன்பே நிதிப் பிரிவில் கட்டண ஒத்திவைப்புக் கடிதம் வாங்கி வையுங்கள். இல்லையென்றால் பாடப் பதிவு முடங்கும், கடைசியில் தேர்வுச் சீட்டும் வராது.

அரசாங்கக் கல்விக் கடனான பி.டி.பி.டி.என். பற்றியும் சொல்லிவிடுகிறேன். தகுதி உள்ளவர்களுக்கு 1,500 ரிங்கிட் வரை முன்பணம் கிடைக்கும். அதை இனாம் என்று நினைக்கும் பிள்ளைகள் உண்டு. முதல் கடன் தவணையிலேயே கழித்துவிடுவார்கள். எஸ்.எஸ்.பி.என். என்ற கல்விச் சேமிப்புக் கணக்கு இல்லாமல் விண்ணப்பம் நகராது, அதை ஊரில் இருக்கும்போதே திறக்கட்டும். ஜாக்கோவா உதவி எந்தச் செலவுகளை ஏற்கிறது என்பதை எழுத்தில் வாங்கிய பிறகுதான் கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்து. தேவைக்கு மேல் கடன் எடுத்துவிட்டு வருஷக்கணக்கில் சுமக்கக் கூடாது.

கடைசியாக ஒன்று. அவசர உதவி என்று கேட்டால் பல இடங்களில் முதலில் ஸகாத் என்ற இஸ்லாமியத் தர்மநிதிப் பிரிவைத்தான் காட்டுவார்கள். முஸ்லிம் அல்லாத மாணவருக்குப் பெரும்பாலும் அங்கே வழியில்லை. 'எனக்கு எதுவும் கிடையாது போல' என்று பிள்ளை அறைக்குத் திரும்பிவிடும். மாணவர் நலநிதி, வக்காஃப் என்ற இஸ்லாமிய அறக்கொடை அல்லாத நன்கொடை நிதி எது இருக்கிறது என்று இப்போதே கேட்டு, பொறுப்பாளர் பெயரோடு எழுதி வையுங்கள். பசிக்கிற நேரத்தில் உதவியையும் மதமாற்றத்தையும் ஒரே மேசையில் வைக்க யாருக்கும் இடம் கொடுக்காதீர்கள். இதில் கொஞ்சம் கடுமையாகவே இருங்கள்.

கெலுகோர் அக்கா, பினாங்கு:

செவாங் விஷயத்தில் உங்கள் மனம் சொன்னதே சரிம்மா. செமாய், தெமியார் மக்களுக்கு அது மேடை நடனம் மட்டும் கிடையாது. நோய் தீர்க்கவும் ஆவிகளை அழைக்கவும் நடத்தும் சடங்கு. அதைத் தெமுவான் பிள்ளையையும் சேர்த்து ஆடச் சொல்வது, நம் பிள்ளையிடம் ஏதோ ஓர் இந்திய ஆட்டத்தை ஆடு என்பது மாதிரி. அவர்களாக முன்வந்தால் மேடை கொடுங்கள்.

ஓராங் அஸ்லி என்பது அரசாங்கக் கணக்கில் 18 இனக்குழுக்கள். நெக்ரிட்டோ, செனோய், மெலாயு புரோட்டோ என்று மூன்று பெரும்பிரிவு. உங்கள் ஆறு பேரில் செமாய், தெமியார் இரண்டும் செனோய். அவர்கள் மொழிகள் மலாயின் கிளை கிடையாது. கெமர், வியட்நாமிய மொழிகளின் தூரத்துச் சொந்தம். தெமுவான் பேச்சு மலாய்க்கு நெருக்கம். அதனால் ஆறு பேருக்கும் ஒரே மொழி வகுப்பு என்று போட்டால் ஒருவர் சலித்துப் போவார், ஐவர் திணறுவார்கள். பேச்சு மலாய் சரளமாக இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். கட்டுரை மலாய் வேறு. மூன்றாம் வாரத்துக்குள் ஒரு பக்கம் எழுதச் சொல்லி வாங்கிப் பாருங்கள். மேற்கோள் காட்டும் முறையிலா, வாக்கியத்திலா, ஆங்கில நூலைப் படிப்பதிலா, எங்கே தடுக்கிறது என்று அந்த ஒரு பக்கத்திலேயே தெரியும்.

அறை: ஆறு பேரையும் ஒரே மாடியில் கும்பலாகப் போடவேண்டாம், ஆறு கட்டடத்தில் சிதறடிக்கவும் வேண்டாம். ஒரே மொழி பேசும் இருவர் பக்கத்து அறைகளில், அறைத் தோழர் வேறு இனத்தவர் என்றிருந்தால் நல்லது. ராத்திரி சொந்த மொழியில் பேச ஓர் ஆள் வேண்டும். தெமுவான் மாணவர் டாமன்சாரா பக்கத்து புக்கிட் லாஞ்சான் போன்ற இடத்துக்காரராகவும் இருக்கலாம். நகரத்துப் பிள்ளையிடம் எல்.ஆர்.டி. ரயில் ஏறத் தெரியுமா என்று கேட்டு வைக்காதீர்கள்.

சங்கம்: சபா, சரவாக் நண்பர்களோடு சேர்வதில் நன்மை உண்டு, காவாய், காமாத்தான் என்ற தங்கள் அறுவடைத் திருநாள்களை நடத்திப் பழகியவர்கள். ஆனால் அங்கே இபான், கடசான்டூசுன் என்ற அவர்கள் பெரிய இனங்களின் பிள்ளைகள் நிறைய இருப்பார்கள், ஆறு பேர் குரல் எடுபடாது. நம் தோட்டத்துப் பிள்ளைகள் முதல் தலைமுறையாக வளாகத்துக்கு வந்தபோது இறங்கிய இடத்தில் தமிழ்ப் பேரவை இருந்தது, கோயில் இருந்தது, பழக்கமான சாப்பாட்டுக் கடை இருந்தது. இவர்களுக்கு அந்த மூன்றுமே கிடையாது. அதனால் முதல் வருஷம் சங்கம், பதவி, மனு என்று போகாமல், வாரம் ஒருநாள் ஒரே கிழமை, ஒரே அறை, சோறு போட்டுக் கூட்டுங்கள். மூத்த மாணவர் ஒருவர் எந்தப் பல்கலைக்கழகத்தில் இருந்தாலும் அழையுங்கள். செமாய் சமூகத்தவரான டாக்டர் ஜூலி எடோ மலாயாப் பல்கலைக்கழகத்தில் மானுடவியல் கற்பித்து, பிறகு ஜாக்கோவாவின் தலைமை இயக்குநரானவர். கூட்டிவர முடியாவிட்டாலும், இப்படி ஒருவர் இதே வளாகங்களில் நடந்தார் என்று தெரிந்தாலே பிள்ளைகள் நிமிர்வார்கள்.

இன்னொன்று நம்மவர்களுக்கு. 'சாக்காய்', 'காட்டுவாசி' என்ற சொற்கள் நம் பெரியவர்கள் வாயில் சாதாரணமாக வரும். 'சாக்காய்' அடிமை என்ற பொருளோடு ஒட்டிய வசைச்சொல். விடுதி அலுவலகத்தில், சமையற்கட்டில், காவலர் கூண்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

விடுதிக்காரி:

ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. அறைகளை இன்றே மாற்றக் கேட்டுவிட்டேன். பாதியில் ஊருக்குப் போவதைப் பற்றி யாராவது சொல்ல முடியுமா? வருகை 80 விழுக்காடு இல்லையென்றால் தேர்வு எழுத முடியாது என்பது எங்கள் விதி. மருத்துவச் சான்றிதழ் மட்டும்தான் ஏற்கிறார்கள்.

செந்தூல் அண்ணன்:

அந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 14 வாரத் தவணை, வாரம் ஒரு விரிவுரை என்றால் 14 வகுப்பு. மூன்றைத் தவறவிட்டாலே 80-க்குக் கீழே. உட்பகுதிக் கிராமத்தில் ஒரு மரணம் என்றால் துக்க நாட்கள், போக வர மரவெட்டுப் பாதையில் நாலு சக்கர வண்டிக்குக் காத்திருப்பு. நவம்பர் முதல் வடகிழக்குப் பருவமழையில் பாதை அறுந்தால் சுலபமாகப் பத்து நாள். அதற்குள் இரண்டு வகுப்பு போய்விடும், இன்னும் ஒன்று போனால் தேர்வு இல்லை. 'இனி போய் என்ன' என்று அங்கேயே இருந்துவிடுகிறார்கள்.

மருத்துவச் சான்றிதழ் வராத காரணத்துக்குத் ஊர்த்தலைவரான தோக் பாத்தின் அல்லது பெங்ஹூலு கடிதத்தை ஏற்க வேண்டும் என்று துறைத்தலைவரிடம் தவணை தொடங்குமுன் எழுத்தில் வாங்குங்கள். சம்பவம் நடந்த பிறகு கேட்டால் 'விதியில் இல்லை' என்பார்கள். கோம்பாக் ஓராங் அஸ்லி மருத்துவமனைக்கு ஊரிலிருந்து நோயாளி வந்தாலும் இதே கதைதான். கோலாலம்பூரில் இருக்கும் பிள்ளைதான் துணைக்கும் மொழிபெயர்ப்புக்கும் ஓடும். அங்கே வார்டில் ஒரு வரி எழுதி வாங்கிவரச் சொல்லுங்கள்.

கஷ்டம் என்றால் இவர்கள் வந்து சொல்லமாட்டார்கள், சண்டையும் போடமாட்டார்கள், ஒதுங்கிப் போய்விடுவார்கள். மதிப்பெண் வரும்வரை காத்திருந்தால் நேரம் கடந்துவிடும். மூன்றாம், ஐந்தாம், ஏழாம் வாரங்களில் விரிவுரையாளரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: இடுபணி வந்ததா, குழுவில் சேர்ந்தாரா? குழுப்பணியில் யாரும் சேர்த்துக்கொள்ளாமல் தனியாக நிற்பதுதான் முதல் அறிகுறி. ஆலோசகரின் அறைக்கு வரச் சொல்லாதீர்கள். ஆலோசகர் உங்கள் வாரச் சாப்பாட்டுக்கு வந்து உட்காரட்டும்.

அப்படியும் போகத்தான் வேண்டும் என்றால், தடுக்காமல் கல்வி ஒத்திவைப்புப் பாரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்புங்கள். பாரம் போட்டவருக்கு அடுத்த தவணை இடம் இருக்கும். போடாமல் போனவர் பெயர் நீக்கப்படும், வாங்கிய கடன் மட்டும் நிற்கும்.

கோப்புக்கட்டு:

ஒன்றை விட்டுவிட்டேன். மருத்துவப் பரிசோதனைப் பாரத்தில் நெஞ்சு எக்ஸ்ரே கேட்டிருந்தால் உட்பகுதிக் கிளினிக்கில் எடுக்க முடியாது. பட்டண மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள், அல்லது பதிவு வாரத்தில் வளாகக் கிளினிக்கில் எடுக்க அனுமதி வாங்குங்கள். ஓராங் அஸ்லி என்ற உறுதிக் கடிதத்தைக் காட்டினால் அரசாங்க மருத்துவமனையில் கட்டணம் இல்லை.

அவசரத் தொடர்பு எண் கட்டத்தில் அப்பா எண்ணை மட்டும் எழுதி வாங்காதீர்கள். கிராமத்தில் சிக்னல் இருக்காது. சந்திப்பில் கடை வைத்திருப்பவர், பள்ளி ஆசிரியர், பட்டணத்தில் வேலை பார்க்கும் அண்ணன் என்று மூன்று எண் வாங்கி, ஒவ்வொன்றையும் மாணவர் பக்கத்தில் இருக்கும்போதே ஒருதரம் அடித்துப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் எழுத்தைவிடக் குரல் செய்தி மேல். சிக்னல் வரும் மேட்டுக்கு யாராவது ஏறும்போது அது போய்ச் சேர்ந்துவிடும்.